ஒரு கயிற்றின் இரண்டு வேலைகள்

சின்னப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவருக்கு முதல் நாளே ஒரு கட்டளை கிடைக்கும்: அந்தக் கயிற்றைக் கட்டிப்போடாதே, கையிலேயே வைத்திரு. ஒரு கையில் சுக்கான் கட்டை, இன்னொரு கையில் கயிறு. காற்று திடீரென்று அறைந்தால் கயிற்றுக் கையைத் தளர்த்த வேண்டும். கயிறு ஓடும், பாய் காற்றை விட்டுவிடும், சாய்ந்த படகு நிமிரும். கட்டிப்போட்டிருந்தால் அடுத்த சில நொடிகளில் படகு கவிழ்ந்து, ஓட்டியவர் தண்ணீரில் நீந்திக்கொண்டிருப்பார்.

ஆங்கிலத்தில் அந்தக் கயிறு மெயின்ஷீட். ஷீட் என்றதும் துணியை நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய, அது கயிறுதான். நம் கடற்கரையில் பாய் விரித்துத் தொழில் செய்தவர்களிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: தாமான். பாயின் கீழ் மூலையைப் பிடித்து இழுக்கும் கயிறு. அழகான, கச்சிதமான சொல்; இந்தக் கட்டுரை முழுக்க அதையே வைத்துக்கொள்கிறேன். இன்றைய சிறு படகுகளில் தாமான் பாயை நேரடியாகப் பிடிப்பதில்லை. பாயின் அடியோரத்தைத் தாங்கி, பாய்மரத்திலிருந்து பின்னோக்கி நீளும் ஒரு கழியைப் பிடிக்கிறது. அந்தக் கழிக்கு, படகுச் சங்கங்களில் எல்லோரும் சொல்வதுபோல, பூம் என்றே பெயர் சொல்வோம்.

புதுப் படகு வாங்குகிறவரும் சரி, பழைய படகைச் செப்பனிடுகிறவரும் சரி, தாமான் என்று வந்ததும் “எத்தனை கப்பி போடலாம்?” என்றுதான் கேட்பார்கள். கப்பிக் கணக்குக்குப் பிறகு வருவோம். அதற்கு முன்னால், அந்தக் கயிறு என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். அது செய்வது இரண்டு வேலை. குழப்பமெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பூம் ஒரு கதவுபோலப் பாய்மரத்தில் கீல் வைத்துப் பொருத்தப்பட்டது. தாமானை இழுத்தால் கதவு சாத்துகிறது, விட்டால் திறக்கிறது. காற்றுக்குப் பாய் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை இப்படி முடிவு செய்கிறோம். இது முதல் வேலை, கண்ணுக்குத் தெரிகிற வேலை.

ஆனால் இந்தக் கதவு பக்கவாட்டில் மட்டும் அசைவதில்லை. மேலும் கீழும் அசையும். ஈர வேட்டியை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக் காயவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். விறைப்பாக இழுத்துப் பிடித்தால் வேட்டியின் ஓரம் நேர்கோடாக நிற்கும். ஒருவர் கொஞ்சம் தளர்த்தினால் நடுப்பகுதி காற்றில் புடைத்து ஒதுங்கிவிடும். பாயின் மேல் முனை பாய்மர உச்சியில் இருக்கிறது. பின்பக்கக் கீழ் முனை பூமின் நுனியில். பூமைக் கீழே இழுத்தால் பாயின் பின் ஓரம் விறைக்கிறது. பாயின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் நிற்கின்றன. பூம் மேலே எழும்பினால் பின் ஓரம் தளர்ந்து, பாயின் மேற்பகுதி கீழ்ப்பகுதியைவிட அதிகமாகத் திறந்துகொள்கிறது. இதற்கு முறுக்கு என்று பெயர் வைத்துக்கொள்வோம். எவ்வளவு முறுக்கு இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது தாமானின் இரண்டாவது வேலை.

முறுக்கே இல்லாமல் வைத்துவிட்டால் என்ன? கூடாது. கடல் மட்டத்தை ஒட்டி வீசும் காற்று நீரில் உரசி வேகம் இழக்கிறது. பாய்மர உச்சியில் காற்று வேகமாக இருக்கிறது. படகோ முழுவதும் ஒரே வேகத்தில் போகிறது. சைக்கிளில் போகிறபோது பக்கத்திலிருந்து வரும் காற்று முகத்தில் மோதுவதுபோலத் தோன்றும் இல்லையா? மெல்லிய காற்று என்றால் அது ஏறக்குறைய நேர் எதிரிலிருந்து வருவதுபோல் இருக்கும். பலத்த காற்று என்றால் அதன் உண்மைத் திசைக்கு நெருக்கமாக இருக்கும். அதேபோல, பாயின் அடியில் காற்று முன்பக்கமாகவும், உச்சியில் சற்றுப் பக்கவாட்டாகவும் வருவதாகப் பாய் உணர்கிறது. ஆகவே பாயின் மேற்பகுதி கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருந்தால்தான் அடிமுதல் நுனிவரை ஒரேமாதிரி வேலை செய்யும். மெல்லிய காற்றில் இன்னும் தாராளமான முறுக்கு வேண்டும். பின் ஓரத்தை இறுக்கிவிட்டால் வலுவற்ற காற்று பாயின் வளைவோடு ஒட்டி வர முடியாமல் பிரிந்துவிடும்.

ஒரே கயிறு கோணத்தையும் முறுக்கையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. ஒன்றைத் திருத்தப்போனால் மற்றது கெடும். எவ்வளவு கெடும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பூமின் நீளம் 2.7 மீட்டர். அதன் நுனிக்கு நேர் கீழே, 70 செ.மீ. தாழ்வில், படகின் பின்முனை நடுவில் ஒரு வளையம். தாமான் இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. பூம் நடுக்கோட்டில் இருக்கும்போது தாமான் செங்குத்து. இழுப்பது முழுவதும் கீழ்நோக்கித்தான். பூமை 10 டிகிரி வெளியே விட்டால் நுனி 47 செ.மீ. விலகும், இழுப்பில் 83 சதவீதம்தான் கீழ்நோக்கிப் போகும். 20 டிகிரியில் 60 சதவீதம். 40 டிகிரியில் வெறும் 35. காற்று பலத்தபோது நீங்கள் கோணத்தை மட்டும் திறக்க நினைத்துத் தாமானை விட்டீர்கள். ஆனால் பூமைக் கீழே பிடித்திருந்த பிடியும் போய்விட்டது. பூம் எழும்பி, பாய் முறுக்கிக்கொண்டு நிற்கிறது.

எதிர்ப்பக்கச் சிக்கல் இன்னும் நுட்பமானது. மெல்லிய காற்றில் பூமை நடுக்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும், பின் ஓரமோ தளர்வாக இருக்க வேண்டும். தாமான் செங்குத்தை நெருங்க நெருங்கப் பக்கவாட்டு விசை குறைந்து பூஜ்யத்தை நோக்கிப் போகிறது. கடைசி சில டிகிரிகளுக்காக நீங்கள் பலமாக இழுக்கிறீர்கள்; பூம் நடுவுக்கு வருவதற்குள் பின் ஓரம் தகரம்போல இறுகிவிடுகிறது. அந்தப் படகு நகராது.

டிராவலர் பிறந்தது இதற்காகத்தான். தாமானின் அடிக் கப்பியை ஒரே இடத்தில் பூட்டிவைக்காமல் படகின் குறுக்கே நகரவிடும் ஏற்பாடு அது. மேலே சொன்ன வளையத்தை 47 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்த முடிந்தால், 10 டிகிரி திறந்த பூமுக்கு ஏறக்குறைய நேர் கீழே அது வந்துவிடும். தாமான் செங்குத்தாகவே இருக்கும், பின் ஓரத்தின் விறைப்பு குறையாது. இனிக் கோணத்துக்கு டிராவலர், முறுக்குக்குத் தாமான். மெல்லிய காற்றில் டிராவலரைக் காற்று வரும் பக்கத்துக்கு இழுத்து, தாமானைத் தளர்த்தினால், பூம் நடுவிலும் இருக்கும், பாய் முறுக்கோடும் இருக்கும். பலத்த காற்றில் தாமானை இறுக்கிவிட்டு டிராவலரை மறுபக்கம் இறக்கிவிடலாம்.

ஆனால் சின்னப் படகின் அகலம் இங்கே கையைக் கட்டுகிறது. பின்முனையின் அகலம் ஒரு மீட்டர் என்றால் டிராவலர் நடுவிலிருந்து பக்கத்துக்கு அரை மீட்டர்தான் போகும். நம் பூமுக்கு அது சுமார் 10, 11 டிகிரி. அதற்கு மேல் பூம் திறந்தால் டிராவலரால் பயனில்லை. எதிர்க்காற்றில் ஏறும்போது மட்டும்தான் அதன் ராஜ்யம். மற்ற திசைகளில் பூமைக் கீழே பிடிக்க இன்னொன்று வேண்டும். பாய்மரத்தின் அடியிலிருந்து பூமுக்குச் சாய்வாகப் போகும் அந்தக் கயிற்றுக்கு வேங் என்று பெயர். அது பூமோடு சேர்ந்தே சுழல்வதால் பூம் எங்கே போனாலும் கூடவே கீழே இழுத்துக்கொண்டிருக்கும். ஒரு குறை: அது கீலுக்கு மிக அருகில் பிடிக்கிறது. கதவைக் கீல் பக்கம் தள்ளிச் சாத்திப் பாருங்கள், எவ்வளவு பலம் வேண்டும் என்று தெரியும். பூமின் நுனியில் தாமான் செய்கிற வேலையைச் செய்ய வேங்குக்கு நான்கு, ஐந்து மடங்கு விசை வேண்டும். அதனால் அதில் கப்பிகள் அதிகம்.

இந்த மூன்றும் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க லேசரைவிட நல்ல படகு எனக்குத் தெரியாது. கனடாவைச் சேர்ந்த புரூஸ் கர்பி 1969இல் வரைந்தது. 1971 முதல் விற்பனையில் இருக்கிறது. நீளம் 4.23 மீட்டர், உடலின் எடை 60 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஓட்டுபவர் ஒருவர். இதுவரை 2 லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்டிருக்கின்றன. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலிருந்து போட்டிப் படகு. இப்போது ஐஎல்சிஏ என்று பெயர். ஒரே உடலில் மூன்று அளவுப் பாய் மாட்டலாம். 7.06 சதுர மீட்டர் பாயுள்ளது ஐஎல்சிஏ 7. அதைவிடச் சிறிய பாயுள்ளது ஐஎல்சிஏ 6. சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஓட்டியது ஐஎல்சிஏ 6. அவர்தான் ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் அதே இரண்டு ஒலிம்பிக்கிலும் பெரிய பாயுள்ள படகை ஓட்டினார். அவர்கள் கையில் இருந்த தாமான் அமைப்பு, கடற்கரையில் கற்றுக்கொள்கிற ஒரு மாணவரின் படகில் இருப்பதுதான். கோக்கும் வழி ஒன்றே.

லேசரில் தண்டவாளம், சக்கர வண்டி எதுவும் கிடையாது. பின்முனையின் இரண்டு ஓரங்களிலும் உள்ள வளையங்கள் வழியே சுக்கான் கட்டைக்கு மேலாகக் குறுக்கே ஒரு கயிறு. அதில் ஒரு கப்பி இங்கும் அங்கும் ஓடும். அவ்வளவுதான் டிராவலர். தாமான் பூமின் நுனியில் தொடங்கி, கீழே அந்தக் கப்பிக்கு வந்து, மறுபடி மேலே போய், பூமை ஒட்டி முன்னோக்கி ஓடி, பூமின் நடுவிலிருந்து இறங்கி, ஓட்டுபவரின் காலடியில் உள்ள கப்பி வழியாகக் கைக்கு வருகிறது. நுனியில் இரண்டு இழை கீழே இழுக்கின்றன. நடுவில் ஒரு இழை. நடுவில் இழுக்கும் இழைக்கு நெம்புகோல் நீளம் பாதி என்பதால் அதன் பலனும் பாதி. ஆக, கையின் இழுப்பு பூமின் நுனியில் சுமார் இரண்டரை மடங்காகிறது. உலகத்தின் சிறந்த ஓட்டிகள் இந்த இரண்டரையை வைத்துக்கொண்டு பலத்த காற்றையும் சமாளிக்கிறார்கள் என்பதைப் பத்து கப்பி கேட்கிறவர்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

லேசர்க்காரர்கள் டிராவலர் கயிற்றைப் பைத்தியம் பிடித்தவர்கள்போல இறுக்குவார்கள். காரணம் இருக்கிறது. அது தளர்வாக இருந்தால் தாமானை இழுத்ததும் கூரைபோல நடுவில் எழும்பும். கப்பி உயரத்தில், நடுவில் நின்றுவிடும். வீணைத் தந்திபோல இறுகியிருந்தால் கப்பி தாழ்வாகவே இருந்து, காற்று போகும் பக்கத்து மூலைக்கு ஓடிவிடும். பூம் நுனிக் கப்பியும் டிராவலர் கப்பியும் முட்டிக்கொள்ளும்வரை தாமானை இழுத்து, அந்த நிலையில் வேங்கில் மிச்சத் தளர்வை எடுத்துக் கட்டுவது பலத்த காற்றுக்கு முந்தைய வழக்கமான ஏற்பாடு. பிறகு திடீர்க் காற்றில் தாமானை விட்டால் வேங் பூமை எழும்பவிடாது. பாய் கதவுபோலத் தட்டையாகத் திறக்கும். லேசரின் பாய்மரத்துக்குத் தாங்குகம்பிகள் கிடையாது. அதனால் பின் ஓரம் இறுகும்போது மரமே பின்னோக்கி வளைந்து பாயின் புடைப்பைக் குறைக்கிறது. காற்று பலக்கும்போது அதுவும் வேண்டியதுதான்.

இனிக் கப்பிக் கணக்கு. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 10 நாட் காற்று, அதாவது மணிக்கு 18.5 கி.மீ., ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1.6 கிலோ எடையின் அளவு அழுத்துகிறது. 20 நாட் என்றால் 6.5 கிலோ. ஏழு சதுர மீட்டர் பாய்க்கு முதலாவது 11 கிலோ, இரண்டாவது 45 கிலோ. பின் ஓரத்தின் விறைப்பு இதையும் தாண்டலாம்: துணிக்கொடியில் நனைந்த போர்வை தொங்கும்போது, கொடியைத் தொய்வின்றி நேராக்க ஆசைப்பட்டால் போர்வையின் எடையைவிடப் பல மடங்கு இழுக்க வேண்டிவரும் அல்லவா, அதே கதைதான்.

அதனால் கப்பி வேண்டும். ஆனால் கப்பி எதையும் இலவசமாகத் தராது. நான்கு மடங்கு பலம் தரும் அமைப்பில் பூமை ஒரு மீட்டர் நகர்த்த நான்கு மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். இழுக்கும்போது அலுப்புத்தான். விடும்போதுதான் ஆபத்து. திடீர்க் காற்றில் பூம் ஒரு மீட்டர் வெளியே போக நான்கு மீட்டர் கயிறு அத்தனை கப்பிகளுக்குள்ளும் நுழைந்து ஓடியாக வேண்டும். உராய்வும் சேர்கிறது. ஒவ்வொரு கப்பியும் பத்தில் ஒரு பங்கை விழுங்குகிறது என்று வைத்துக்கொண்டால், காகிதத்தில் நான்கு மடங்கு என்பது கையில் மூன்றுதான். பந்து பொருத்திய நல்ல கப்பி நூற்றுக்கு நான்கை மட்டும் எடுத்துக்கொண்டால் 3.6 மடங்கு மிஞ்சும். மெல்லிய காற்றிலோ உராய்வு முழு எதிரி. தாமானை விட்டுவிட்டீர்கள், ஆனால் பூமை வெளியே தள்ளக் காற்றுக்கு வலுவில்லை, கயிறு கப்பிகளில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஓட்டுபவர் காலால் பூமைத் தள்ளிவிட வேண்டியிருக்கிறது.

தாமான் அமைப்பை அது எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். எவ்வளவு சுலபமாக விடுகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எட்டு சதுர மீட்டருக்குள் பாய் உள்ள படகுக்கு, பூமின் நுனியில் பிடித்தால் மூன்று மடங்கு தாராளம். கை நோகிறது என்றால் நான்காவது கப்பிக்கு முன்னால் ராட்செட் கப்பியைப் போடுங்கள். அதன் சக்கரம் ஒரு திசையில் மட்டும் சுழலும். இழுக்கும்போது கடகடவென்று வரும், பிடித்திருக்கும்போது கயிற்றைக் கவ்விக்கொண்டு சுமையின் பெரும்பங்கைத் தானே தாங்கும். கையைத் தளர்த்தினால் விட்டுவிடும். இழுக்கும் பலத்தை அது கூட்டாது. ஆனால் படகில் நேரமெல்லாம் போவது பிடித்துக்கொண்டிருப்பதில்தான்.

தாமானைப் பூமின் நுனியில் பிடிப்பதா, நடுவில் பிடிப்பதா என்பதில் ஒவ்வொரு துறையிலும் இரண்டு கட்சி உண்டு. நுனியில் பிடித்தால் நெம்புகோல் முழுதாகக் கிடைக்கும், படகின் உட்பகுதி காலியாக இருக்கும். ஆனால் பாயை மறுபக்கம் மாற்றும்போது தொங்கும் கயிறு பின்முனை மூலையிலோ மோட்டாரிலோ மாட்டிக்கொள்ளும். ஓட்டுபவர் பின்பக்கம் பார்த்துக்கொண்டே இடம் மாற வேண்டியிருக்கும். நடுவில் பிடித்தால் முன்னால் பார்த்தபடியே எல்லாம் நடக்கும். அதற்குப் பதிலாக நெம்புகோல் பாதியாகும், பூம் நடுவில் வளையும், குறுக்கே தண்டவாளம் போட்டால் முழங்கால் தினமும் அதில் இடிக்கும். இயன் பிராக்டர் 1957இல் வடிவமைத்த 4.82 மீட்டர் வேஃபேரர் படகில் இரண்டு விதமும் உண்டு. பிள்ளைகளையும் சோற்றுப் பாத்திரத்தையும் ஏற்றிக்கொண்டு போகிற குடும்பத்துக்கு நுனித் தாமானே நல்லது என்பேன். பந்தயம் ஓட்டுகிறவர் நடுவுக்குப் போகலாம்.

தண்டவாளமும் பந்து வண்டியும் வைத்த டிராவலர் பார்க்க ஆசையாக இருக்கும். விலையும் எடையும் அதிகம். உப்பும் மணலும் ஏறினால், சுமை சாய்வாக விழும்போது வண்டி சிக்கி நிற்கும். சிக்கி நிற்கும் டிராவலர் இல்லாத டிராவலரைவிட மோசம். இருக்கிறது என்று நம்பித்தானே தாமானைக் கைவிட்டு அதைப் பிடிக்கிறோம்? வேங் பலமாக இருக்கிற ஒரு சின்னப் படகுக்குக் குறுக்குக் கயிறு போதும். அல்லது இரண்டு மூலைகளிலிருந்தும் வரும் கயிறுகள் நடுவில், உயரத்தில் ஒரு வளையத்தில் சேரும் முக்கோணம் போதும். அந்த வளையம் பூமுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு சுலபமாகப் பூமை நடுவுக்குக் கொண்டுவரலாம், பின் ஓரத்தை இறுக்காமலே. காற்று மெல்லிதாக வீசும் ஏரிகளில் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த முக்கோணத்தைத்தான். தண்டவாளம் உண்மையில் தேவைப்படுவது பாய் பெரிதாகவும் வேங் வலுவற்றும் உள்ள, தூங்குமிடம் வைத்த படகுகளுக்கு.

போட்ட அமைப்பு சரியா என்று படகே சொல்லும். பாயின் பின் ஓரத்தில், பாயை விறைப்பாக வைக்கச் செருகும் பட்டைகளில் மேலிருந்து முதலாவதற்கு அருகே ஒரு நாடாத் துண்டைத் தைத்துவிடுங்கள். அது எப்போதும் பின்னோக்கிப் பறந்துகொண்டிருந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்கலாம். பாயின் பின்னால் போய் ஒளிந்துகொண்டே இருந்தால் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள். அவ்வப்போது ஒளிந்து அவ்வப்போது பறந்தால் சரி. அதே நேரம் சுக்கானையும் கவனியுங்கள். படகு பிடிவாதமாகக் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கிறது, கட்டையை இழுத்துப் பிடித்துக் கை வலிக்கிறது என்றால், அது அநேகமாகச் சுக்கானின் கோளாறு அல்ல. தாமானை ஒரு சாண் விட்டுப் பாருங்கள்.

கயிறு வாங்கும்போது கனத்தைக் கைக்காகப் பாருங்கள், பலத்துக்காக அல்ல. 6 மி.மீ. பாலியஸ்டர் பின்னல் கயிறே பல நூறு கிலோ தாங்கும். அதைப் பிடித்துக்கொண்டு அரைநாள் உட்கார முடியாது என்பதால்தான் 8 மி.மீ. வாங்குகிறோம். நைலான் வேண்டாம், அது நங்கூரத்துக்கு நல்லது, தாமானாகப் போட்டால் ரப்பர்போல நீளும். நீளத்தை அளக்கப் பூமை அது போகக்கூடிய கடைசிவரை தள்ளிவிட்டு, அந்த நிலையில் கோத்துப் பார்ப்பது ஒன்றே வழி. தாங்குகம்பி உள்ள படகில் கம்பியே பூமைத் தடுக்கும். லேசரில் தடுக்க ஒன்றுமில்லை, பூம் 90 டிகிரியையும் தாண்டிப் போகும். பின்காற்றில் ஓட்டுகிறவர்கள் அதை வேண்டுமென்றே செய்வார்கள், அதற்கும் கயிறு எட்ட வேண்டும். மறுமுனையை, ஓட்டுபவர் காலை மாட்டிக்கொள்ளும் பட்டையில் கட்டிவைத்தால் கயிறு ஓடித் தப்பாது, தரையில் சிக்கலும் குறையும். கட்டாமல் விடுகிறவர்கள் எட்டு வடிவ முடிச்சு ஒன்றைப் போட்டு, அதற்கு அப்பால் ஒரு சாண் நீளம் மிச்சம் வைக்க வேண்டும். பாலியஸ்டர் கயிற்றில், அலையில் உதறி உதறி, அந்த முடிச்சு தானாக அவிழ்ந்துகொள்வது உண்டு.